கயிற்றுக்கு எண்ணியவள்

டயர் கடைக்காரரின் மகள் பழைய பள்ளிக்கூடத்தை விட்டு வந்ததே ஒரு பட்டப்பெயரால்தான். அப்பா தமிழர், அம்மா வேறு நாட்டுக்காரி என்று தெரிந்த நாளிலிருந்து அங்கே அவள் ‘அரைப்பொண்ணு’. இந்தப் புதுப் பள்ளியில் அது யாருக்கும் தெரியக் கூடாது. அம்மாவை வாசல் பக்கமே வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அம்மா தெருமுனையோடு நின்றுகொண்டாள்.

கயிறு தாண்டும் போட்டி வரை எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. இங்கே கிடைத்த ஒரே தோழி ரெட்டைச்சடை, தனக்கு இவள்தான் எண்ண வேண்டும் என்று அடம்பிடித்தாள். எதிர் வகுப்பு நெட்டை ஏற்கெனவே நூற்றுப்பத்து தாண்டிவிட்டு, சுவரில் சாய்ந்து நகம் கடித்துக்கொண்டிருந்தாள். ரெட்டைச்சடை நூற்றைத் தொட்டதும் கயிறு வேகம் பிடித்தது. இவள் நாக்கும் கூடவே ஓடியது.

சுற்றி நின்றவர்கள் ஒரு மாதிரி பார்த்தபோதுதான் தன் குரல் தன் காதிலேயே விழுந்தது. அம்மாவின் மொழியில் எண்ணிக்கொண்டிருந்தாள். ஆனாலும் விடவில்லை, கயிறு காலில் சிக்கும்வரை எண்ணினாள்.

எத்தனை என்று பி.டி. டீச்சர் கேட்டார். நூற்றுப் பதினாலு என்றாள்.

“அவ என்னமோ உளறினா டீச்சர். நடுவுல எத்தனைய முழுங்கினாளோ,” என்றாள் நெட்டை.

ரெட்டைச்சடை இடுப்பில் கைவைத்து இரைத்தபடி இவளையே பார்த்தாள். ஆமாம், உளறிவிட்டேன் என்றால் வீட்டு விஷயம் வெளியே வராது. ஆனால் தோழியின் வெற்றி போய்விடும்.

“உளறல் இல்ல டீச்சர். எங்கம்மா பாஷை. அவசரத்துல எனக்கு அதுதான் வரும்.”

டீச்சர் நெட்டையை மறுபடி தாண்டச் சொன்னார். இவள் அந்த மொழியிலேயே எண்ண வேண்டும். டீச்சர் சுவரில் தாண்டலுக்கு ஒரு கோடாகச் சாக்பீஸால் கிழிப்பார். நெட்டை வேண்டுமென்றே வேகத்தைக் கூட்டினாள், குறைத்தாள், திடீரென்று நின்றாள். இவள் தன் கணக்கைச் சொன்னாள். டீச்சர் கோடுகளை எண்ணி முடிக்கும்வரை ஒருத்தரும் அசையவில்லை.

ஒன்றுகூடப் பிசகவில்லை. ரெட்டைச்சடையின் நூற்றுப் பதினாலும் நிலைத்தது.

நெட்டை தன் கூட்டத்தில் போய்க் கிசுகிசுக்க, அங்கே ஒரு சிரிப்பு கிளம்பியது. அடுத்த பட்டப்பெயர் தயாராகிறது. ரெட்டைச்சடை நன்றியெல்லாம் சொல்லவில்லை. கயிற்றைச் சுருட்டியபடி கேட்டாள்.

“வீட்ல எல்லாருமே இப்படித்தான் பேசுவீங்களாடி?”

“நானும் அம்மாவும்தான்.”

“அப்பா?”

“எங்க பேச்சுக்குத் தலையாட்டுவார். பாதி புரியாது.”