நேர்ந்துவிட்ட சேவலின் முதுகு

ஊர்க்கோழி ஒன்றையொன்று கொத்தித் தின்னும் என்று அந்த வருஷம் வரை நான் கேள்விப்பட்டதில்லை. பண்ணையில் அடைத்து வளர்க்கிற வெள்ளைக்கோழிக்குத்தான் அந்தக் கிறுக்கு வரும் என்று நினைத்திருந்தேன். எங்கள் கொல்லையில் அது வந்தபோது அண்ணன் மதுரைப் பெரியாஸ்பத்திரியில் தீக்காய வார்டில் கிடந்தான்.

அண்ணனும் நானும் ஒரே சுற்றுச்சுவருக்குள் இரண்டு வீடு. எனக்குத் திருத்தங்கலில் ஒரு அச்சாபீசில் பேப்பர் வெட்டுகிற வேலை. அண்ணனும் மதினியும் பட்டாசுக் கம்பெனி. அவன் மருந்து கலக்குகிற அறையில், அவள் திரி வைக்கிற அறையில். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. கோழிகள்தான் அந்த வீட்டின் கலகலப்பு. வேலைக்குப் போகும்போது திறந்துவிட்டுப் போவார்கள். கருவேலங்காட்டுப் பக்கம் நாளெல்லாம் கிளறித் தின்றுவிட்டுப் பொழுது சாய அவை தாமாக வந்து அடையும்.

வெயில் உச்சத்தில் இருந்த மாசம். கம்பெனியில் மருந்து அறை வெடித்த சத்தம் கேட்டு மதினி தன் அறையைவிட்டு ஓடிவந்தபோது வேப்பமரத்தடியில் ஒரு ஆள் கைகளை உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தானாம். யாரோ பாவம் என்று அவனைத் தாண்டி நாலு எட்டுப் போயிருக்கிறாள். பின்னாலிருந்து அவன் இவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் அது தன் புருஷன் என்று தெரிந்திருக்கிறது.

ஆஸ்பத்திரி வாசலில் நின்று அவள் நேர்ந்துகொண்டாள். அவர் நடந்து வீடு வந்து சேர்ந்தால் வீட்டில் நிற்கிற சாம்பல் நிறச் சேவலை மல்லாங்கிணற்றுப் பக்கம் இருக்கிற எங்கள் குலசாமிக்குக் கொடுப்பதாக. நேர்ந்துவிட்ட சேவல் ஊனமில்லாமல் இருக்க வேண்டும் என்பது எங்கள் ஆட்களின் கணக்கு. கண் பழுது கூடாது, கால் ஒடிந்தது கூடாது, இறகு குறையக் கூடாது. வேறு யாரும் தெரியாமல் பிடித்து அறுத்துவிடக் கூடாதே என்று செவ்வாய், வெள்ளிகளில் அதன் முதுகில், வாலுக்குச் சற்று மேலே, குங்குமத்தைக் குழைத்து ஒரு பொட்டு வைப்பார்கள். மதினி மற்ற நாளெல்லாம் ஆஸ்பத்திரியில் கிடந்தாலும் அந்த இரண்டு நாள் காலையில் பஸ் பிடித்து வந்து, குளித்து, பொட்டு வைத்துவிட்டு மறுபடி மதுரைக்குப் போய்விடுவாள்.

வீட்டில் ஆள் இல்லை என்பதால் கோழிகளை நான் தகரக் கொட்டகைக்குள் அடைத்து வைத்தேன். தெருவில் நாய்த் தொல்லை. காலையில் குருணையும் தண்ணீரும் வைத்துவிட்டு வேலைக்குப் போவேன். அவற்றுக்கு நாளெல்லாம் தகரச் சூடு, கிளற மண் இல்லை, பூச்சி இல்லை. முதலில் தரையில் உதிர்ந்த இறகைத் தின்றன. பிறகு ஒன்றின் வாலை ஒன்று இழுத்தன. ஒரு சாயங்காலம் போய்ப் பார்த்தால் சேவல் மூலையில் முகத்தைச் சுவரோடு வைத்து நின்றது. முதுகில் உள்ளங்கை அகலத்துக்கு இறகு இல்லை. தோல் ரத்தம் கட்டிப் பளபளத்தது. ஒரு கருங்கோழி பின்னால் நின்று, அவசரமே இல்லாமல், வெற்றிலைக்குக் காம்பு கிள்ளுகிற மாதிரி கொத்திக்கொண்டிருந்தது.

மறுநாள் வந்த மதினி அதைப் பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அங்கன அவுகளுக்குக் கட்டுப் பிரிக்கையில தோலு கையோட வருது தம்பி. இங்கன இதுக்கும் தோலு போகுது. எனக்கு ஒண்ணும் நல்லாப் படல" என்றாள். அன்றிலிருந்து அந்தச் சேவலின் முதுகுதான் அவளுக்கு டாக்டர் சொல்லாத செய்தி. போன் பேசினாலும் முதல் கேள்வி அதுதான்.

கால்நடை ஆஸ்பத்திரி டாக்டரிடம் போனேன். அவர் நன்றாகப் பேசுகிற மனுஷர். மனுஷர்கள் வாயிலிருந்து விழுகிறதைப் பொறுக்கி வைத்துக்கொள்கிற பழக்கம் எனக்குச் சின்னதிலிருந்தே உண்டு. எட்டாவதுக்கு மேல் நான் படித்ததெல்லாம் அப்படித்தான். அவர் சொன்னார்: "கோழிக்கு வேலை கொடுங்க. நீங்க கொடுக்கலைன்னா அதுவே பக்கத்துக் கோழி முதுகுல வேலையத் தேடிக்கும்." கொத்துப்படுகிற கோழியைவிடக் கொத்துகிற கோழியைத்தான் முதலில் பிரிக்க வேண்டும் என்றார். கடைசியாக, சிவப்பு எதுவும் கண்ணில் படக்கூடாது, சிவப்பைக் கண்டால் விடாது என்றார்.

கருங்கோழியைப் பஞ்சாரக் கூடைக்குள் தனியாகக் கவிழ்த்தேன். தகரத்தின் மேல் தென்னங்கீற்றுப் பரப்பினேன். முருங்கைக் கொத்தைக் கயிற்றில் கட்டி, கோழி எம்பித் தின்கிற உயரத்தில் தொங்கவிட்டேன். கருவாட்டுத் தலையை இடித்துக் குருணையில் கலந்தேன். மூலையில் சாம்பலும் மணலும் கொட்டினேன், புரளட்டும் என்று. காலையிலும் சாயங்காலமும் நான் வீட்டில் இருக்கிற நேரத்தில் கம்பும் கையுமாக நின்று வெளியே மேய விட்டேன். சேவலின் முதுகில் வேப்பெண்ணெயில் அடுப்புக் கரியைக் குழைத்துத் தடவிச் சிவப்பை மறைத்தேன். எதிர் வீட்டுக்காரர், "என்னலே, அண்ணனுக்கு நர்ஸு அங்கன, சேவலுக்கு நர்ஸு இங்கனயா" என்று கேட்டார். கேலிதான். ஆனால் மறுநாள் அவரே ஒரு கலயத்தில் கரையான் பிடித்துக் கொண்டுவந்து கொட்டினார்.

வைத்தியம் எல்லாம் கேட்டது. மற்றக் கோழிகள் அடங்கின. சேவலின் புண் மட்டும் பொருக்குத் தட்டும், செவ்வாய்க்கிழமை திறக்கும். பொருக்குத் தட்டும், வெள்ளிக்கிழமை திறக்கும். கரிக்கு மேல் அவள் வைக்கிற குங்குமத்தைப் பார்த்துச் சாதுவான பெட்டைகூட வந்து கொத்திற்று. தனியாக அடைத்தால் இரை எடுக்காமல் கத்தியது.

மதினியிடம் டாக்டர் சொன்னதைச் சொன்னேன். அவள் கையில் குங்குமச் சிமிழ் இருந்தது.

"பொட்ட நிறுத்தச் சொல்றீகளா? பாதியில நிறுத்துனா நேந்துக்கிட்டதுக்கு என்ன அர்த்தம் தம்பி?"

புருஷன் அப்படிக் கிடக்கிறவளிடம் சாமியை எதிர்த்து என்ன பேச.

அடுத்த ஞாயிறு நானும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அண்ணன் கொசுவலைக்குள் கிடந்தான். தொண்டை வெந்து குரல் கரகரத்தது. என்னைப் பார்த்ததும் கோழிகளைத்தான் விசாரித்தான். நான் மழுப்பினேன். மதினி மறைக்கத் தெரியாமல் எல்லாவற்றையும் சொல்லி அழுதுவிட்டாள்.

கேட்டுவிட்டு அவன் மதினி பக்கம் முகத்தைத் திருப்பினான்.

"ஏளா, இனி அதுக்குப் பொட்டு வைக்காத. சாமிக்குச் சேவல அடையாளம் தெரியாதாக்கும்? என்னையத்தான் இனி எவனுக்கும் அடையாளம் தெரியாது."

சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தான். உதடு வெடித்து ரத்தம் கசிந்தது. மதினி பஞ்சால் ஒற்றி எடுத்தாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவள் வந்து சேவலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். முதுகைத் துடைத்தாள். சிமிழைத் திறக்கவில்லை. பொருக்கு உதிர்ந்த இடத்தில் கொஞ்ச நாளில் ஊசி ஊசியாக முளை கண்டது. அது விரிந்து இறகாகிற நாட்களில் அண்ணனும் எழுந்து உட்கார்ந்தான். ஊட்டிவிட்டால் இட்லி சாப்பிட்டான். கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றான் என்றுகூட மதினி போனில் சொன்னாள். பிறகு காய்ச்சல் வந்தது. புண்ணுக்குள் சீழ் வைத்துவிட்டது என்றார்கள். வந்த காய்ச்சல் அவனோடுதான் போயிற்று.

அவனை எடுத்த அன்று துட்டி வீட்டில் எல்லாரும் கேட்க ஒருத்தி சொன்னாள், சாமிக்கு வைத்த அடையாளத்தை அழித்தால் சாமி பார்த்துக்கொண்டிருக்குமா என்று. சொந்தக்காரிதான். மதினி தலையைத் தூக்கவில்லை. அண்ணன்தான் பொட்டை நிறுத்தச் சொன்னான் என்று அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. செத்தவன் மேல் பழியைத் தூக்கி வைக்க இரண்டு பேருக்கும் வாய் வரவில்லை. ஆனால் அந்தப் பேச்சு தெருவில் நின்றது. தண்ணீர்க் குழாயடியில் அவள் போனால் பேச்சை மாற்றினார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு ஒரு காலையில் என்னைக் கூப்பிட்டாள். சேவலைக் கூடையில் வைத்து மூடியிருந்தாள். கோயிலுக்குத் துணைக்கு வரச் சொன்னாள். துக்க வீட்டுக்காரர்கள் வருஷம் திரும்புகிற வரை கோயில் வாசல் மிதிப்பதில்லை என்றேன். வெளியே நின்றுகொள்வதாகச் சொன்னாள்.

அப்படியே எல்லைக் கல்லுக்கு வெளியே நின்றோம். பூசாரி வந்தார். விஷயம் அவருக்குத் தெரியும். கூடையைப் பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "வேண்டுனது நடக்கலையேம்மா. நீங்க குடுக்கணும்னு இல்ல. வீட்டுக்கே கொண்டு போங்க."

"சாமிகிட்டச் சண்டைக்கு வரல நான்" என்றாள் மதினி. "ஊனமில்லாமக் கொண்டாறேன்னேன். கொண்டாந்திருக்கேன். என்னால கொறைன்னு ஊருல சொல்றாக. நீங்க தடவிப் பாத்துச் சொல்லுங்க."

கூடையை அவரிடம் நீட்டினாள். பூசாரி சேவலை எடுத்துக் கால்களைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார். முதுகை இறகுக்கு எதிராக நீவிப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

"கொறை இல்ல தாயி" என்றார்.

மதினி வெறுங்கூடையை வாங்கிக்கொண்டாள். பஸ் ஏறினோம். ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, சூலக்கரை தாண்டும் வரை கண்ணை மூடியே இருந்தாள். தீபாவளிக்கு ஆர்டர் குவிந்து சீசன் மும்முரமாக இருந்தது. அடுத்த திங்கட்கிழமை அதே கம்பெனி வண்டியில் ஏறி அவள் திரி வைக்கப் போனாள்.