சனிக்கும் ஞாயிற்றுக்கும் இடையில்

வாழ்த்துமடல் எழுதுவதில் எனக்குச் சலிப்புத் தோன்றி ஆண்டுகள் பல ஆகிவிட்டன. ரொறன்ரோவில் நம்மவர் எடுக்கும் விழா எதுவாயினும், மேடையில் ஒரு மடல் படிக்கப்பெறுதல் வேண்டும். பொன்னிறக் கரையிட்ட தாளில் அச்சிட்டு, கண்ணாடிச் சட்டத்துள் அமைத்து, மாலையோடு கையளித்தலும் வேண்டும். மருத்துவரானவர்க்கும், மணிவிழாக் கண்டவர்க்கும், நடன அரங்கேற்றம் நிகழ்த்திய சிறுமியர்க்கும் எழுதியிருக்கிறேன். ஒரே பாட்டையே ஆள் மாற்றி வழங்கி வருகிறேனோ என்னும் ஐயம், முதுகுவலியைப் போலவே, இருக்கையில் அமர்ந்ததும் வந்துவிடும். ஆயினும் மறுப்பதில்லை. மறுப்பதற்கும் உடலில் வலு இருத்தல் வேண்டும்.

சென்ற கோடையின் தொடக்கத்தில் ஊர்ச் சங்கத்தின் செயலாளர் தொலைபேசியில் அழைத்தார்.

“ஐயா, எங்கட பெடியன் ஒருத்தன் அமெரிக்காவிலை புரோ ஃபுட்போல் ரீமுக்குப் போயிட்டான். தமிழன், ஐயா! உந்த மலை மாதிரி நிக்கிற ஆக்களை எல்லாம் விழுத்தப்போறான். வழமையா எழுதுறதைவிட நாலு வரி கூடப் போடுங்கோ.”

“ஆளை விழுத்துறதுக்கு நான் பாட்டு எழுதிப் பழக்கமில்லையே.”

“என்ன ஐயா, பரணி பாடின பரம்பரை எல்லோ நாங்கள்!”

அவர் குறிப்பிட்ட இளைஞனை நான் அறிவேன். நகரின் வெக்ஸ்போர்ட் பகுதியில் நான் குடியிருக்கும் அடுக்குமாடியிலேயே, எனக்கு இரண்டு தளம் மேலே, தந்தையோடு வாழ்பவன். மின்தூக்கியினுள் தலை குனிந்தே நுழைவான். விளையாட்டுக்கான உதவித்தொகை பெற்று, அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் அணியில் நான்காண்டு ஆடியவன். பந்தைக் காலால் தொடுவது மிக அரிதாகிய அந்த அமெரிக்க உதைபந்தாட்டத்தில், எதிரணியின் காவல் வரிசையை ஊடறுத்துச் சென்று பந்தெறிபவனை வீழ்த்துவதே அவன் பணி. தொழின்முறை அணிகள் ஆண்டுதோறும் நடத்தும் தேர்வில் அவன் பெயரை எவரும் சொல்லவில்லை. தேர்வு முடிந்த பின்னர் ஓர் அணி, பயிற்சி முகாமுக்கு வந்து ஆடிக் காட்டுமாறு அழைத்திருந்தது. அவ்வளவே. ஆனால் அழைக்கப்பெறுதலுக்கும் சேர்க்கப்பெறுதலுக்கும் இடையிலுள்ள தொலைவை நம்மவர் கருதுவதில்லை. பல்கலைக்கழக அனுமதிக் கடிதம் வந்த அன்றே பட்டம் பெற்றதாகக் கொண்டாடிப் பழகியவர்கள் நாம்.

அந்த அணியின் இளவேனிற் பயிற்சி முடிந்து, பெருமுகாம் தொடங்குமுன் கிடைத்த விடுப்பில் அவன் வீடு வந்திருந்தான். ஒரு பிற்பகல் என் கதவைத் தட்டினான். மூவர் அமரும் என் சாய்விருக்கை அவன் ஒருவனுக்கே போதாதிருந்தது.

“அங்கிள், அந்த வாழ்த்து எனக்கு வேண்டாம். ப்ளீஸ்.”

“ஏன் தம்பி?”



“கொலிஜிலை எனக்கொரு மூவ் இருந்தது, அங்கிள். வெளிப்பக்கமா ஓடுற மாதிரிக் காட்டிப்போட்டு, உள்ளுக்குச் சுழண்டு வருவன். நாலு வருசமா ஒருத்தராலையும் மறிக்க ஏலேல்லை. அங்கை போய் முதல்நாளே அதைச் செய்தன். என்னை மறிக்க முன்னாலை நிண்டவர் என்னைவிடப் பத்து வயசு கூட. முழங்காலிலை ஐஸ் கட்டிக்கொண்டு திரியிறவர். ரெண்டு பிள்ளையளின்ரை தகப்பன். நான் சுழண்டு வரேக்கை அவர் ஏற்கெனவே அங்கை நிக்கிறார். நெஞ்சிலை ஒரு கை. கதவைச் சாத்துற மாதிரி. அது மோதக்கூடாத பிராக்டிஸ், அங்கிள். அதிலேயே அப்பிடி.”

“கோவப்பட்டவரோ?”

“சீ, இல்லை. நல்ல மனிசன். ‘குட் மூவ், வேறை என்ன வைச்சிருக்கிறாய்?’ எண்டு கேட்டார். நக்கல் இல்லை, உண்மையாவே கேட்டவர். என்னட்டை வேறை ஒண்டும் இல்லை.”

பல்கலைக்கழக ஆட்டங்களில் ஒரு பருவம் முழுவதும் தான் எதிர்கொண்டோருள் ஓரிருவரே தொழின்முறைக்குரிய திறலுடையோர் என்றும், ஏனையோர் படிப்பு முடிந்ததும் கணக்காளராகவோ ஆசிரியராகவோ போய்விடுவர் என்றும் விளக்கினான். “அங்கை எல்லாருமே அந்த ஓரிரண்டு பேர்தான், அங்கிள். அதுக்கு மேலை பத்து வருசம் அதையே வேலையாச் செய்தவங்கள்.”

எனக்கு அது விளங்காத செய்தியன்று. ஊரார் புலவன் என்று போற்ற, நானும் அதை நம்பித் திரிந்த காலத்தில், பழைய உரைகளையே வாழ்நாளெல்லாம் கற்ற மூவரின் நடுவே ஒருநாள் அமர நேர்ந்தது. வாய் திறவாமல் தேநீரை மட்டும் அருந்திவிட்டு எழுந்து வந்தேன்.

“ஓகஸ்ட் முடிவிலை கிட்டத்தட்டப் பாதிப்பேரை அனுப்பிப்போடுவாங்கள்,” என்றான். “நான் அந்தப் பாதி. எனக்குப் பரவாயில்லை. ஆனா மேடையிலை ஏத்தி மாலை போட்டாப் பிறகு, அப்பா சனத்தின்ரை முகத்திலை என்னெண்டு முழிக்கிறது? அவருக்கு ஒண்டும் தெரியாது. முழுசா நம்பிக்கொண்டிருக்கிறார். நீங்கள் சொன்னா விழாவைத் தள்ளிவைப்பார்.”

அவன் தந்தை கனரக வாகன ஓட்டுநர். கிழமையிற் பாதி நாள் எல்லைக்கு அப்பாலேயே இருப்பார். அவரைக் கீழ்த்தளத்துச் சலவை அறையில் கண்டேன். போர்வை ஒத்த அகலமுடைய மகனின் மேற்சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தார். விழாவைச் செப்டெம்பருக்குத் தள்ளிவைத்தால் என்னவென்று வினவினேன்.

“செப்டெம்பரிலை ஆர் ஐயா வருவினம்?” சட்டையைக் கீழே வைத்தார். “அவன் உங்களிட்டை வந்தவனோ?”

நான் கூடையிலிருந்து ஒரு சட்டையை எடுத்து மடிக்கத் தொடங்கினேன்.

“எனக்குத் தெரியும், ஐயா. அவன் அங்கை நிண்டுபிடிக்க மாட்டான்.”

உலர்பொறி சுழன்றுகொண்டிருந்தது. அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“நாலு வருசமா, அவன்ரை மட்ச் பாக்கிறதுக்கெண்டே அந்தப் பக்கம் லோட் கேட்டு எடுத்தனான். சனிக்கிழமை அவன் விளையாடுறதைப் பாப்பன். ஞாயிற்றுக்கிழமை ரக்கை நிப்பாட்டிப்போட்டு, ரீவியிலை புரோ மட்ச் பாப்பன். ரெண்டையும் பக்கத்திலை வைச்சுப் பாக்கத் தெரியாதோ எனக்கு? சனிக்கிழமை இவன் ஒரு பிழை விட்டால், மற்றவனும் ஒண்டு விடுவான். ஞாயிற்றுக்கிழமை மற்றவன் விடமாட்டான்.”

“பிறகேன் இந்த விழா?”

“அவன் செய்துமுடிச்சதுக்கு, ஐயா. திரும்பி வந்திட்டானெண்டால் சனம் அவனைத் தோத்தவன் எண்டுதான் சொல்லும். பிறகு அந்த நாலு வருசத்துக்கெண்டு ஆரும் மாலை போடாயினம். இப்ப போட்டாத்தான் உண்டு.” சட்டையை மீண்டும் கையில் எடுத்தார். “இதை அவனுக்குச் சொல்லிப்போடாதேங்கோ. அப்பாவே நம்பேல்லை எண்டு தெரிஞ்சால், போற இடத்திலை அவனுக்குக் கால் எழும்பாது.”

மாடி ஏறினேன். மகன் தந்தைக்காக அஞ்சினான். தந்தை மகனுக்காக மறைத்தார். இருவர் இரகசியத்தையும் நானே காக்க வேண்டியதாயிற்று. சொல்லிவிட்டால் ஒருவருக்குத் துரோகம்; சொல்லாதுவிட்டால் மற்றவருக்கு. அந்தக் கிழமை முழுவதும் மேசைமுன் அமர்வதும் எழுவதுமாகவே கழிந்தது. இறுதியில், அவன் பல்கலைக்கழக அணியில் ஆடிய நான்காண்டை மட்டும் பாடினேன்: மழையில் ஆடியதை, தோள் பிசகியும் திரும்பக் களம் புகுந்ததை. தொழின்முறை அணியின் பெயரையோ வருங்கால வெற்றியையோ ஓரடியிலும் வைக்கவில்லை. அச்சுக்குக் கொடுக்குமுன் தந்தையிடம் காட்டினேன். இருமுறை படித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் தந்துவிட்டார்.

விழா நாளில் மேடைப் பதாகையில் அந்த அணியின் பெயர் ஆளுயர எழுத்தில் நின்றது. செயலாளர் ஒலிவாங்கியில் முழங்கினார். நான் எழுந்து படித்தேன். என் வாழ்நாளில் எழுதிய மடல்களுள் மிகச் சிறியது அதுதான். கைதட்டல் சற்றுத் தயங்கியே எழுந்தது.

“ஐயா, அடுத்த பக்கத்தை வீட்டிலை விட்டிட்டு வந்திட்டியளோ? ரீமின்ரை பேரே வரேல்லை!” என்று செயலாளர் என் காதருகே கேட்டார்.

“அவ்வளவுதான்.”

“நான் நாலு வரி கூடக் கேட்டன். நீங்கள் பத்து வரி குறைச்சுத் தந்திருக்கிறியள்.”

மடலைப் பெற வந்த இளைஞன் என்பக்கம் குனிந்தான். “அங்கிள், இதை அப்பா முதலே வாசிச்சவரோ?”

“வாசிச்சவர்.”

“ரீமைப் பற்றி ஒண்டும் இல்லையெண்டு கேக்கேல்லையோ?”

“ஒரு சொல்லும் கேக்கேல்லை, தம்பி.”

அவன் நிமிர்ந்து தந்தையைப் பார்த்தான். அவர் மாலையின் சிக்கலை விடுவிக்கும் முனைப்பில் இருந்தார். அல்லது அவ்வாறு இருப்பதாகக் காட்டிக்கொண்டார். மாலையோடு அணுகியபோது அவர் கை மகனின் தலைக்கு எட்டவில்லை. அவன் மேடையிலேயே முழந்தாளிட்டான். பணிவென்று கருதி அவை ஆரவாரித்தது. தந்தை மாலையைச் சூட்டிவிட்டு, இரு கைகளையும் அவன் தோள்மீது வைத்தார். நிழற்படம் எடுத்து முடிந்த பின்னரும் கைகளை விலக்கவில்லை.

திரும்புகையில் என்னையும் தங்கள் மகிழுந்தில் ஏற்றிக்கொண்டனர். முன்னிருக்கையை எனக்கு விட்டு, அவன் பின்னே முழங்கால்களை மடித்து ஒடுங்கியிருந்தான். 

“எப்ப வெளிக்கிடுறாய்?” என்று தந்தை கண்ணாடியினூடே கேட்டார்.

“அடுத்த கிழமை.”

“பிளேனுக்கு ரிக்கெற் எடுக்காதை. நானே கொண்டுபோய் விடுறன்.” சிவப்பு விளக்கில் வண்டி நின்றது. “திரும்பி வரேக்கையும் எனக்கு ஒரு போன் எடு. எந்த நாளெண்டாலும் சரி. வந்து ஏத்துறன்.”



“ஓம், அப்பா.”

அவர்கள் இனித் தயக்கமின்றிப் பேசட்டும் என்று எண்ணி, உறங்குவதுபோல் கண்களை மூடிக்கொண்டேன். வெக்ஸ்போர்ட் வருமுன் உண்மையாகவே உறங்கிப்போனேன்.