கறுப்பி தோண்டிய குழி

சுசீந்திரத்துக்குப் பக்கத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீடு மாமாவின் வீடு என்றுதான் நான் நம்பிக்கொண்டிருந்தேன். சாயங்காலங்களில் வெற்றிலைச் செல்லத்தோடு அப்பாவின் பக்கத்தில் வந்து உட்காரும்போது மாமாவும் அப்படித்தான் நம்பியிருப்பார் போலிருக்கிறது. ஒரே மதிலுக்குள் பெரிய வீட்டில் அவரும் அத்தையும் அவர்கள் மகளும், பின்கட்டில் நாங்கள். உறவு ஒன்றும் கிடையாது. மாமாவும் அப்பாவும் சின்ன வயதில் ஒரே பெஞ்சில் இருந்து படித்தவர்கள், அவ்வளவுதான். அப்பா வாத்தியார் வேலைக்கு இந்தப் பக்கம் வந்தபோது, "வேற எடம் பாத்தேன்னா ஒனக்க காலை ஒடிச்சிருவேன்" என்று மிரட்டிக் குடிவைத்தாராம்.

கறுப்பி என் நாய். அந்தப் பங்குனியில் குட்டி போட இடம் தேடி ஊரெல்லாம் அலைந்துவிட்டு, கடைசியில் பெரிய வீட்டு நெல்லறையின் மண்சுவர் ஓரத்தைப் பிடித்துக்கொண்டது. தோண்டுவதில் அது மகா கெட்டி. சுவரின் அடிவழியாக உள்ளேயே போய்விட்டது. நானும் மாமா மகளும் குட்டிகளுக்குப் பெயர் வைப்பதில் மும்முரமாக இருந்தோமே தவிர, குழி எங்கே போகிறது என்று பார்க்கவில்லை. சித்திரையில் ஒரு கோடைமழை கொட்டித் தீர்த்தது. குழிவழியே தண்ணீர் நெல்லறைக்குள் புகுந்து, அடுத்த விதைப்புக்காக வைக்கோலில் பொதிந்து வைத்திருந்த விதைநெல் முழுவதும் முளைவிட்டுவிட்டது. வைக்கோலுக்கு வெளியே மூக்கை நீட்டிக்கொண்டிருந்த முளைகள் எனக்கு அழகாகத்தான் தெரிந்தன.

அப்பாவுக்கு முகம் செத்துவிட்டது. நட்டம் என்னுடையது என்று ஆரம்பித்தார். மாமா பேசவே விடவில்லை.

"சும்மா கெடலே. நாய் வேணும்னா செஞ்சுது? வெதைய மட்டும் ஒங்க அண்ணங்கிட்டச் சொல்லி வரவச்சிரு. மருமகனுக்க காதுல விழப்பிடாது, கேட்டியா?"

அதோடு வழக்கு முடிந்தது. இரண்டு பேரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மண்ணைக் குழைத்து அந்தக் குழியை அடைத்தார்கள். ஒருவர் பூசியது மற்றவருக்குப் பிடிக்கவில்லை. மாமா ஒரு கை மண்ணை அள்ளி அப்பாவின் கன்னத்தில் அப்பினார். பெரியவர்கள் இருவர் அப்படிச் சிரித்து நான் பிறகு பார்த்ததில்லை.

இரணியலிலிருந்து பெரியப்பா அனுப்பிய விதை வந்துசேருவதற்குள் மருமகன் வந்துவிட்டார். மாமாவின் தங்கை மகன். எப்போது வந்தாலும் அவர் நாற்காலியில் உட்காருவார், மாமா நின்றுகொண்டிருப்பார். நானும் மாமா மகளும் கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்று சிரிப்போம். அன்றைக்கு அவர் உட்காரவில்லை. நேராக நெல்லறைக்குப் போய், ஈரம் காயாத பூச்சில் விரலை வைத்து அழுத்தினார்.

"யாருக்க நாய்?" என்றார்.

மாமா அப்பாவைக் கூப்பிட்டார். 'லே' போடவில்லை, பெயரும் சொல்லவில்லை.

"வாத்தியாரே, இங்க வாரும். வாடகைக்கு இருக்கப்பட்டவரு அடக்கமா இருக்கணும். நாயும் குட்டியும் இன்னைக்கே வெளிய போணும். நீரும் வேற எடம் பாத்துக்கிடும்."

அப்பா தலையை மட்டும் ஆட்டினார். மத்தியானமே கறுப்பியும் குட்டிகளும் ஒரு பெரிய ஓலைப்பெட்டியில் ஏறி, மாட்டுவண்டியில் பெரியப்பா வீட்டுக்குப் போயின. நான் வண்டிக்குப் பின்னால் அழுதுகொண்டே ஓடினேன். சாயங்காலம் மாமா ஒரு சீப்பு மட்டிப்பழத்தோடு வந்து, "ஏட்டி மக்கா, இந்தா" என்றார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பழத்தைப் படியில் வைத்துவிட்டு உள்ளே வராமலே போய்விட்டார். அப்பாவும் அவரைக் கூப்பிடவில்லை.

கோட்டாற்றில் ஓர் இருட்டு வீட்டுக்குக் குடிபோனோம். மறுவருடம் மாமா காய்ச்சலில் செத்துப்போனார். காரியம் முடிந்த கையோடு அத்தையும் மகளும் ஒரு தகரப்பெட்டியுடன் எங்கள் வாசலில் வந்து நின்றார்கள்.

"எப்பட்டி வீட்டுக்குப் போவே?" என்று மாமா மகளிடம் கேட்டேன்.

"அது அத்தானுக்க வீடுல்லா" என்றாள்.

எங்கள் குடும்பத்தில் அந்த வழக்கம் இல்லை, அதனால் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர்களுடையது மருமக்கள் வழி. வீடும் வயலும் தங்கை மகனுக்கு. மாமா இருக்கிற வரைக்கும் பார்த்துக்கொள்கிறவர் மட்டுமே. மருமகன் மனம் வைத்தால் பெண்டாட்டி பிள்ளைக்கு ஒரு சின்னப் பங்கு விடலாம். அந்தப் பங்குக்காகத்தான் மாமா வருடக்கணக்காக அந்த நாற்காலிக்கு முன்னால் நின்றிருக்கிறார். சிநேகிதனுக்காகக் குடும்பச் சொத்தை அழிக்கிறார் என்ற பேர் வந்தால் அதுவும் போய்விடும். பொறுத்துப் போகலாம் என்றால், அந்தச் சுவர் அவருடையது இல்லையே. அப்பாவுக்கு இது அன்றைக்கே தெரியும். மாமா அவ்வளவு செய்தும் அத்தைக்கும் மகளுக்கும் பங்கு கிடைக்கவில்லை. இதையெல்லாம் எனக்குக் கல்யாணமான பிறகுதான் அம்மா சொன்னாள்.

அன்றைக்கு எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். கறுப்பியைத் துரத்தியவர் இப்போது இல்லை. அத்தை சுவரில் சாய்ந்திருந்தாள், அப்பா எதிரே தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். நான் சந்தோஷமாகவே கேட்டேன்.

"மாமாதான் இல்லையே. இனிமே கறுப்பியக் கூட்டிட்டு வரலாமாப்பா?"

அம்மா பாய்ந்து வந்து என் வாயைப் பொத்தினாள். அத்தை அந்தக் கையை விலக்கிவிட்டு என் தலையைத் தடவினாள்.

"கூட்டிட்டு வாட்டி மக்கா. காய்ச்சல்லயும் அவரு அதத்தான் சொல்லிட்டுக் கெடந்தாரு."

அப்பா எழுந்து வெளியே போனார். வாசலில் நின்று அவர் அழுததை நான் பார்த்தேன். கறுப்பி திரும்பி வரப்போகிற சந்தோஷத்தில் அழுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.