அது ஒரு அங்கிள்

எங்கள் ஊரில், ரொறொன்ரோவைத்தான் சொல்கிறேன், மீசை முளைத்து முடிந்த எல்லா ஆண்களும் அங்கிள்தான். பஸ் ஓட்டும் தமிழர் அங்கிள். கோயிலில் செருப்புகளை ஒதுக்கி வைப்பவர் அங்கிள். அப்பாவின் நண்பரும் அங்கிள், அந்த நண்பரோடு கோபமாக இருப்பவரும் அங்கிள். ஆள் சொந்தமா அந்நியமா என்று அந்தச் சொல் ஒருபோதும் காட்டிக்கொடுக்காது. என் மகளுக்கு மூன்று வயது. அவள் கண்டவரையெல்லாம் அங்கிள் என்னும்போது, இவர் மாமா, இவர் பெரியப்பா என்று இடையில் விழுந்து திருத்துகிறேன். அளவுக்கு மீறித் திருத்துவதாகக் கணவர் சொல்கிறார். இருக்கலாம். ஆனால் அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை என்ன செய்யலாம் என்பது அவருக்குத் தெரியாது.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. சென் ஜேம்ஸ் ரவுணில், பதினேழாவது மாடியில் இருந்தோம். அப்பா வோபர்னில் ஒரு தமிழ்க் கடையில் மீன் வெட்டினார். அம்மாவுக்குச் சனிக்கிழமைகளில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. நான் வயலின் படிக்கவேண்டும் என்பது அம்மாவின் ஆசை. அதுவும் கண்ட இடத்தில் அல்ல, ரூஜில் ஒரு ரீச்சரிடம். அவரிடம் படித்த பிள்ளைகள் எல்லோரும் டொக்டர்களாகிவிட்டார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். வயலினுக்கும் வைத்தியத்துக்கும் என்ன தொடர்பு என்று அம்மா விசாரிக்கவில்லை. வேலைக்குப் போகும் வழியில் அம்மா என்னை அங்கே விடுவார். வேலை முடிந்து வந்து அப்பா கூட்டிக்கொண்டு போவார்.

வகுப்பு ரீச்சர் வீட்டின் நிலவறையில். அங்கே இறங்கும் வழியில் யாருமே உட்காராத ஓர் அறை இருந்தது. வெள்ளைச் சோபா, கண்ணாடி மேசை, அதன்மேல் ஒருவரும் புரட்டாத ஒரு பெரிய படப்புத்தகம். ஓர் அறையை ஒன்றுக்குமே பாவிக்காமல் வைத்திருக்க முடியும் என்று நான் அதுவரை அறிந்திருக்கவில்லை. அந்த அறையைக் கடக்கும்போதெல்லாம் எங்கள் வீடு எனக்குள் சிறுத்துக்கொண்டே போனது.

ரீச்சருக்குப் பதினைந்து வயதில் ஒரு மகன். சில நாட்களில் கீழே வந்து எங்களுக்கு மிருதங்கம் வாசிப்பான். ஒருமுறை நான் வாசித்து முடித்ததும் "நொட் பாட்" என்றான். அந்த இரண்டு சொற்களை வைத்துக்கொண்டு ஒரு மாரிகாலம் முழுவதும் வாழ்ந்தேன். அவன் அதை என்னைப் பார்த்துத்தான் சொன்னானா, பக்கத்தில் இருந்த பிள்ளையைப் பார்த்தா என்பது இன்றுவரை நிச்சயமில்லை.

அப்பா வேலை முடிந்ததும் எலுமிச்சம் தோலால் கையைத் தேய்த்துக் கழுவுவார். கையில் மணம் இருக்காது. ஜாக்கெட்டில் இருக்கும். அதனால் ஒரு பொய் சொன்னேன்: பெற்றோர் வாசலுக்கு வருவது ரீச்சருக்குப் பிடிக்காது, நீங்கள் பஸ் தரிப்பில் நில்லுங்கோ. அப்பா ஒன்றும் கேட்காமல் நின்றார். குளிரிலும் நின்றார்.

ஒரு சனிக்கிழமை பனி கொட்டியது. நான் தனியே நடந்து வருவேனே என்று பயந்திருக்கவேண்டும். அப்பா வாசலுக்கே வந்துவிட்டார். கதவைத் திறந்தவன் அந்த மகன்.

"யுவர் டாட் வந்திருக்கிறார் போல" என்று படிக்கட்டில் நின்று எனக்குச் சொன்னான்.

"டாட் இல்லை. அது ஒரு அங்கிள்."

யோசிக்காமல் சொன்னேன் என்று எழுதத்தான் விருப்பம். யோசித்தேன். ஒரு படி ஏறும் நேரம் யோசித்தேன். கதவு திறந்தே இருந்தது; அப்பா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கால்மிதியில் நின்றார்.

அவன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். "எனக்கு இவரைத் தெரியும். மீன் அங்கிள். கடையில நண்டைப் பிடிச்சுக் கதைக்க வைப்பார். இண்டைக்கு நண்டு வரேல்லையோ அங்கிள்?"

"அதுக்குக் குளிராம் தம்பி. வரமாட்டன் எண்டிட்டுது."

சத்தம் கேட்டு ரீச்சர் மேலே வந்தார். அப்பாவை ஒருமுறை மேலும் கீழுமாகப் பார்த்தார்.

"பிள்ளைக்கு நீங்கள் என்ன முறை?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் வயலின் பெட்டியின் கொளுவியைப் பார்த்தேன்.

"முறை ஒண்டும் இல்லை ரீச்சர். ஒரே பில்டிங். தகப்பனுக்கு வேலை, அதுதான் நான் வந்தனான்."

"ஊரில எவடம்?"

"வடமராட்சிப் பக்கம்."

"வடமராட்சியில எவடம்?"

அப்பாவின் சப்பாத்திலிருந்து பனி உருகிக் கால்மிதியில் ஊறிக்கொண்டிருந்தது. "கரைப் பக்கம்தான்" என்றார். பிறகு, கேட்காமலே, "பிள்ளையின்ர ஆக்கள் அங்க இல்லை ரீச்சர். அவை வேற இடம். எனக்கு அவையோட பெரிசாப் பழக்கமில்லை" என்றார்.

"அப்பிடியோ" என்றார் ரீச்சர். குரலில் இருந்த ஏதோ ஒன்று தளர்ந்தது.

"வாங்கோ தங்கச்சி, பஸ் போயிடும்" என்றார் அப்பா. வீட்டில் அவர் என்னை மோனை என்றுதான் கூப்பிடுவார்.

பஸ்ஸில் ஏச்சுக்காகக் காத்திருந்தேன். அவர் வயலினைத் தன் மடியில் வாங்கி வைத்துக்கொண்டார். இறங்கும் நேரம் வந்தபோது, "உவன் நல்ல பெடியன், என்ன?" என்றார். "தெரியாது" என்றேன். அவ்வளவுதான் எங்கள் பேச்சு.

வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம், "இனிச் சனிக்கிழமையில நீர் போய்க் கூட்டிக்கொண்டு வாரும். கடையில வேலைக்கு ஆள் காணாது" என்றார். அம்மா முணுமுணுத்துக்கொண்டு தன் வேலையை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றினார். அப்பா என்னோடு கோபம் என்றும், அதைக் காட்டத் தெரியாமல் ஒதுங்கிவிட்டார் என்றும் நினைத்தேன். கொஞ்சம் வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாக நிம்மதியாக இருந்தது.

எவடம் என்ற அந்தக் கேள்வி இடத்தைக் கேட்கும் கேள்வி அல்ல, சாதியைக் கேட்கும் கேள்வி, கரைப் பக்கம் என்றால் மீன்பிடிக்கும் சாதி என்று நான் அறிந்தது கல்யாணப் பேச்சுக்கள் தொடங்கிய பிறகுதான். மீன் மணத்துக்காக நான் சொன்ன பொய்யை அப்பா அந்த வாசலில் நின்றபடியே எடுத்து எனக்குப் போர்த்திவிட்டிருக்கிறார். அல்லது இப்படி எண்ணுவது எனக்கு வசதியாக இருக்கிறதோ தெரியாது. அவருக்கு வலிக்கவில்லை என்பதற்கு என்னிடம் என்ன அத்தாட்சி. கேட்கலாம். தொலைபேசி எடுத்தால் இரண்டாவது மணியிலேயே எடுப்பார். இதுவரை கேட்கவில்லை.

பனி கரைந்த பிறகு ஒரு சனிக்கிழமை, நான் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தபோது அந்த மகன் மேலேயிருந்து இறங்கி என்னிடம் வந்தான். கட்டி முடித்த கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினேன்.

"அந்த மீன் அங்கிள் ஏன் இப்ப வாறேல்லை?"

"தெரியாது. நான் அவரைக் காணுறேல்லை."

"ஓ. ஹீ வாஸ் ஃபன்னி" என்றான். இன்னும் ஏதாவது கேட்பான் போல ஒரு கணம் நின்றான். பிறகு மேலே போய்விட்டான்.

அவனோடு நான் பேசிய மிக நீண்ட பேச்சு அதுதான். பஸ்ஸில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அதை அவன் குரலிலேயே எனக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். ஏன் சிரிக்கிறாய் என்று அம்மா கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். அவன் என்னைத் தேடித்தான் அத்தனை படிகளும் இறங்கி வந்தான் என்று அன்று நினைத்திருந்தேன்.