பின்சீட்டில் ஓர் இடம்

நாவற்குடாவில் பேத்தியின் சாமத்தியச் சடங்குக்குப் போயிருந்தேன். மூன்று வருடத்தில் நான் ஆரையம்பதி வீட்டை விட்டுப் போன ஒரே நாள். ஆலாத்தி எடுக்கும் நேரம் பக்கத்து வீட்டுப் பிள்ளை போன் எடுத்தாள்: "மாமி, நேசம்மா மாமி போயித்தா." நேசம்மா என் புருஷனின் அக்கா, எனக்கு மச்சாள். நான் வெளியே போகும் நாளாகப் பார்த்துப் போனதையும் மறக்கமாட்டேன்.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை கேட்டார்கள். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. நடந்ததைத்தான் சொல்லத் தெரியும்.

என் கலியாணம் முடிந்து மாப்பிள்ளை வீட்டுக்கு விருந்துக்குப் போக ஒரு கார் வந்தது. முதுகு வளைந்த, பால்நிற ஒஸ்ரின். மச்சாள் தன் தம்பிக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டார். "இடமில்லகா, நீ வண்டியில வா." கூறைச்சேலையோடு மாட்டுவண்டியில் அந்தக் காரின் புழுதியைத் தின்றுகொண்டு போனேன்.

சீனி வருத்தம் இரண்டு காலையும் எடுத்தபின், பார்க்க ஆளில்லாமல் மச்சாளை, புருஷனை இழந்து தனியே இருந்த என் வீட்டுக்கே கொண்டுவந்தார்கள். அவருக்குக் கட்டில் மறியல், எனக்கு அவர் மறியல்; இரண்டும் சிறைதான்.

"காத்தே வருகுதில்ல, ஜன்னலைத் திறகா."

"திறந்துதான் கிடக்கு. காத்துக்கும் உங்களப் பயம்."

கட்டாரிலிருந்து என் மகன் பேரனுக்கென்று அனுப்பிய ரிமோட் கார், அவன் வந்து ஓட்டியதில் கேற்றில் மோதி மேல்கூடு நொறுங்கியது. எறியப் போனேன், மச்சாள் விடவில்லை. கட்டிலில் இருந்தபடியே முருக்கங்கட்டையைக் கார் போலச் செதுக்கினார். பெரிய தண்ணீர்ப் போத்தலின் அடியை வெட்டிக் கட்டையை உள்ளே வைத்தார். "கொதிதண்ணி ஊத்துகா." ஊற்றினேன். போத்தல் சுருங்கிக் கட்டையை இறுக்கியது. அறுத்தெடுத்தால் கார் உருவில் கண்ணாடிபோல் ஊடுதெரியும் கூடு.

நிறத்தை உட்பக்கமாக அடித்தார். "முதல்ல அடிக்கிறதுதான் வெளியில தெரியும். பொறகு என்னத்தப் பூசினாலும் அது பின்னாலதான்." அதனால் விளக்கு, வெள்ளிக்கரை, நம்பர் எல்லாம் முதலில். நம்பரை உள்ளே நேராக எழுதியதால் வெளியே இடம்வலம் மாறித் தெரிந்தது.

"மூணாம் வகுப்புக்கே தெரியுது, பிழையெண்டு" என்றேன். அவர் அடுத்த நிறத்தைக் குழைத்தார்.

கடைசியாகப் பால்நிறம் அடித்துத் திருப்பியபோதுதான் எனக்கு விளங்கியது.

"இது அந்தக் கார்தானே?"

"ஓம்."

"இடமில்லையெண்டீங்க."

தூரிகையை நெடுநேரம் துடைத்தார். "இடம் இருந்ததுகா. பலகாரப் பெட்டியத் தூக்கி உன்ர இடத்தில நான்தான் வெச்சன். தம்பி உன்ர வீட்டோட போறானெண்டு கோவம்."

ஒரு வாழ்நாள் முழுக்க அந்த ஒரு சொல்லுக்குத்தான் காத்திருந்தேன். மன்னித்தேன் என்று நான் சொல்லவில்லை. தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். சீனி இல்லாமல்.

அதன்பின் பின்னேரங்களில், புதுக்கூடு மாட்டிய காரை ஜன்னல் கம்பிக்குள்ளிருந்து ரிமோட்டால் ஒழுங்கை வழியே தெருமுனைவரை ஓட்டுவார். நாங்கள் இருவரும் போக முடியாத தூரம் அது.

இப்போது கதவைப் பூட்டிவிட்டு நான் எங்கும் போகலாம். படலைவரை போய்த் திரும்பிவிடுகிறேன்.

கார் என்னிடம் இருக்கிறது. நம்பர் இன்னும் மாறித்தான் தெரிகிறது. மற்றக் கண்ணாடிகளுக்கெல்லாம் கறுப்படித்த மச்சாள், பின்கண்ணாடியை மட்டும் வெறுமையாக விட்டிருக்கிறார். குனிந்து அதனூடே பார்ப்பேன். உள்ளே பெட்டி எதுவும் இல்லை. இடம் கிடக்கிறது.