மாமா முகம் சுளித்த இடம்

நயா பைசா புழக்கத்துக்கு வந்து சில வருஷம் ஆகியிருந்த சமயம். திண்டுக்கல்லில் எனக்குச் சொந்த வீடும், ஊருக்கு வெளியே ஓர் ஆட்டுப்பட்டியும் இருந்தன. இரண்டும் நானே சம்பாதித்தது. நான் நாலாம் வகுப்பைத் தாண்டாதவன். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமே இல்லை. பெரிய படிப்புப் படித்தவர்களெல்லாம் என் வாசலில் வந்து யோசனை கேட்டிருக்கிறார்கள். அய்யலூர்ச் சந்தையில் நான் கால் வைத்தால் தரகர்கள் பேச்சை நிறுத்திவிட்டு என் கையைத்தான் பார்ப்பார்கள். ஆட்டின் இடுப்பை ஒரு தடவை அமுக்கினால் போதும், எத்தனை ராத்தல் கறி தேறும் என்று சொல்லிவிடுவேன். தராசு தப்பியிருக்கிறது, நான் தப்பியதில்லை.

என் கூட்டாளி என் தாய்மாமாதான். பிள்ளை குட்டி இல்லாதவர். அத்தை போன பிறகு என் வீட்டோடு வந்துவிட்டார். பேரத்தில் அவரை அடிக்க ஆள் கிடையாது. எங்கள் பக்கத்தில் ஆட்டு வியாபாரத்தை வாயால் பேசுவதில்லை. வாங்குகிறவரும் விற்கிறவரும் கை கொடுத்துக்கொண்டு, மேலே துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்து விலை சொல்வார்கள். சுற்றி நிற்பவனுக்கு ஒன்றும் விளங்காது. இதோடு மாமாவுக்கு அவர் முகமும் ஒரு கைமுதல். வாங்க வேண்டிய ஆட்டைக் கண்டால் வேப்பங்காயைக் கடித்தவர் மாதிரி ஆகிவிடுவார். "இதெல்லாம் ஒரு ஆடாலே? நாய்கூட மோந்து பாக்காது" என்பார். வேண்டாத ஆட்டைத்தான் "மகாலட்சுமி மாதிரி இருக்கு" என்று தடவிக் கொடுத்துவிட்டு நகர்வார்.

அப்பேர்ப்பட்டவரை வாதம் அடித்தது. வலது கையும் காலும் விழுந்தன. பேச்சும் போயிற்று. மிஞ்சியது "ஏலே" என்ற ஒரே சொல். தண்ணீர் வேண்டுமென்றாலும் ஏலே, வேண்டாமென்றாலும் ஏலே. வைத்தியரும் ஏலே, என் மனைவியும் ஏலே. வீதியில் போகும் கோயில் யானைகூட அவருக்கு ஏலேதான்.

நானோ நத்தம், அய்யலூர் என்று சந்தை சந்தையாக அலைகிறவன். அவரைத் தூக்கி உட்கார வைப்பது, குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது எல்லாம் என் மனைவி தலையில் விழுந்தது. முறைக்கு அவளுக்கு அவர் பெரியப்பா. முகம் கோணாமல் செய்தாள். ஆனால் மாமா கனத்த உடம்பு. ஒரு நாள் தூக்கும்போது அவளுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டு, இரண்டு பேரும் சேர்ந்தே விழுந்துவிட்டார்கள். நான் வந்து பார்க்கையில் அவள் சுவரில் சாய்ந்து கிடந்தாள். மாமா அழுதுகொண்டிருந்தார். அந்த மனிதர் அழுது நான் பார்த்ததே இல்லை.

தூக்கித் திருப்பிப் பழகிய ஆட்கள் இருக்கிற இடத்தில் விட்டால்தான் உடம்பில் புண் வராமல் பார்க்க முடியும் என்று டாக்டர் சொன்னார். அந்தக் காலத்தில் பெரியவர்களை வெளியே விடுவதென்றால் ஊர் காறித் துப்பும். "துப்புறவன் மொதல்ல வந்து தூக்கிப் பாக்கட்டும்" என்று சொல்லிவிட்டேன். எனக்கு உறுத்தியது வேறு. பேச்சில்லாத மனிதர். பிடிக்காத இடத்தில் விட்டுவிட்டு வந்தால், பிடிக்கவில்லை என்று சொல்லக்கூட அவரால் முடியாதே!

ஆட்டைப் பார்க்காமல் எவனாவது வாங்குவானா? மாமாவையே அழைத்துப் போய்க் காட்டிவிடுவோம் என்று ஒரு ஜட்காவைப் பிடித்தேன். மனைவியும் இடுப்பில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஏறினாள்.

முதலில் டவுனில் புதிதாகத் திறந்திருந்த நர்சிங் ஹோம். மொசைக் தரை, மின்விசிறி, பால் மாதிரி வெள்ளைப் படுக்கை. நான் சும்மா பார்த்துவிட்டு வருகிற ஆள் இல்லை. மெத்தையை ஆட்டின் இடுப்பை அமுக்குவது போல அமுக்கினேன். குழாயைத் திறந்து பார்த்தேன். ரசத்தை வாங்கி நக்கிப் பார்த்தேன். எல்லாம் சுத்தம். மாமா எதைக் காட்டினாலும் தலையை ஆட்டினார். இடது கையால் படுக்கை விரிப்பைத் தடவிக் கொடுத்தார். மேனேஜரைப் பார்த்துக் கோணல் வாயால் சிரித்து, தாலாட்டுப் பாடுவது போல "ஏலே..." என்றார்.

"பெரியப்பா மொகத்தப் பாருங்க, மாப்பிள்ள அழைப்புக்கு வந்தவரு மாதிரி இருக்காரு" என்றாள் என் மனைவி. எனக்கும் பெருமை தாங்கவில்லை. எங்கள் தெருவில் எவன் தன் மாமனை மின்விசிறிக்கு அடியில் படுக்க வைத்தான்? அங்கேயே முடித்திருப்பேன். ஆனால் முதலில் பார்த்த ஆட்டையே பிடித்துக்கொண்டு வருகிறவன் வியாபாரி இல்லை.

அடுத்து பேகம்பூரைத் தாண்டி, கன்னியாஸ்திரீகள் நடத்திய முதியோர் இல்லம். ஓட்டுக் கூரை, கயிற்றுக் கட்டில்கள். வாசலில் ஒரு பெரிய வாகை மரம். அதன் நிழலில் நாலைந்து கிழவர்கள் ஆடுபுலி ஆட்டம் ஆடிக்கொண்டு, ஆட்டத்தைவிட அதிகமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். "கண்ணு தெரியலன்னா காய வச்சுட்டு எந்திரிய்யா!" "எனக்கா கண்ணு தெரியல? நீ நகத்துன ஆடு எங்கேருந்து வந்துச்சுன்னு சொல்லவா?" பக்கத்தில் பாலுக்காக வளர்த்த வெள்ளாடுகள் கட்டியிருந்தன.

அங்கே பொறுப்பில் இருந்த சிஸ்டருக்கு ஐம்பது வயது இருக்கும். வெண்கலக் குரல். "வாங்க பெரியவரே, இந்தச் சண்டைக்கு ஒரு ஆள் கொறையுதுன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்" என்று சொல்லி, மாமாவின் கக்கத்தில் கை கொடுத்து அலுங்காமல் இறக்கி உட்கார வைத்துவிட்டார். என் மனைவி வாயைப் பிளந்து பார்த்தாள்.

ஆனால் மாமாவுக்கு ஒன்றுமே பிடிக்கவில்லை. இடது கையில் பிடித்திருந்த கைத்தடியால் கட்டிலைக் குத்தி "ஏலே!" என்று சீறினார். வெள்ளாட்டைப் பார்த்துத் தூவெனத் துப்பினார். கிழவர்கள் வணக்கம் சொன்னபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார். கஞ்சி கொண்டுவந்து கொடுத்தார்கள். விளக்கெண்ணெய் குடிப்பவர் மாதிரி முகத்தைச் சுளித்துக்கொண்டே முழுவதையும் குடித்துவிட்டார். "பாவம், பசி போல" என்று என் மனைவி காதில் சொன்னாள்.

"தம்பி, பெரியவருக்கு இங்க ஒட்டல. புடிக்காத எடத்துல விட்டுட்டுப் போயிராதீங்க" என்றார் சிஸ்டர். நியாயமான பேச்சாகத்தான் பட்டது. மறுபடி மாமாவைத் தூக்கி ஜட்காவில் உட்கார வைத்தோம். "நர்சிங் ஹோமுக்கே விடப்பா" என்று வண்டிக்காரரிடம் சொன்னேன்.

வண்டி அசைவதற்குள் மாமா என் தோளில் கிடந்த துண்டை இடது கையால் வெடுக்கென்று இழுத்தார். வியர்வை துடைக்கிறார் என்று நினைத்தேன். அவர் அதைத் தன் மடிமேல் விரித்து, கையை அதற்கு அடியில் நுழைத்துக்கொண்டு, என்னைப் பார்த்து "ஏலே" என்றார். பழக்கதோஷம், என் கையும் தானாக உள்ளே போயிற்று.

அவர் என் விரல்கள் ஐந்தையும் சேர்த்துப் பிடித்து ஓர் அழுத்து அழுத்தினார். சந்தையில் அப்படிப் பிடித்தால், பேரம் முடிந்தது, ஆட்டை அவிழ் என்று அர்த்தம். முகமோ அந்த ஓட்டுக் கட்டடத்தைப் பார்த்து இன்னும் சுளித்தபடியே இருந்தது.

"அப்ப அந்த நர்சிங் ஹோமு, மாமா?" என்று கேட்டேன். முகம் மலர்ந்தது. துண்டுக்குள் என் சுண்டுவிரல் நுனியை மட்டும் தொட்டுவிட்டுக் கையை உதறினார். அதாவது, சும்மா கொடுத்தாலும் வேண்டாம்!

நான் சிரித்த சிரிப்பில் குதிரை மிரண்டுவிட்டது. "ஏங்க, இப்ப ஒங்களுக்கும் வந்துருச்சா?" என்று என் மனைவி பதறினாள். விஷயத்தைச் சொன்னேன். எத்தனையோ சந்தையில் அந்த முகத்தைப் பார்த்தவன் நான். உடம்பு விழுந்த மனிதர்தானே என்று, அவருக்குள் இருந்த வியாபாரியை நானே மறந்துவிட்டேன். அவருக்கோ, பிடித்த சரக்கைச் சொந்தக்காரர் எதிரில் புகழ்வதாவது! வாதம் அடித்தாலும் அந்தப் புத்தி மட்டும் அசையவில்லை.

மனைவி மெதுவாக மாமா பக்கம் திரும்பினாள். "பெரியப்பா, நல்லா இருந்தப்ப நான் வச்ச கொழம்பு வெஞ்சனத்தத் தெனமும் மகாலட்சுமி மகாலட்சுமின்னு சொல்வீங்களே. அது என்ன கணக்கு?"

மாமா குதிரையின் வாலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி உள்ளே போனோம். சிஸ்டரிடம் சொன்னதும் அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். "அப்ப இவரு மொகத்த நான் தலகீழா வச்சுல்ல படிக்கணும்? பசியா, வலியான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றவர், யாரும் சொல்லாமலே மாமாவுக்கு முன்னால் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, துண்டுக்கு அடியில் தன் கையைக் கொடுத்தார். எந்த விரல் தண்ணீருக்கு, எந்த விரல் வலிக்கு, எப்படிப் பிடித்தால் சம்மதம் என்று நான் சொல்லச் சொல்ல, இரண்டு பேரும் அங்கேயே ஒரு புதுப் பாஷையை முடிவு செய்துகொண்டார்கள். தரகுக்கு நான். வெள்ளை உடுப்புச் சிஸ்டரும் ஆட்டு வியாபாரியும் துண்டுக்குள் பேரம் பேசுவதைப் பார்க்க, ஆடுபுலிக்காரர்கள் ஆட்டத்தையே கலைத்துவிட்டு வந்து சுற்றி நின்றார்கள்.

அடுத்த சந்தை முடிந்ததும் பார்க்கப் போனேன். வாகை மரத்தடியில் துண்டு விரித்திருந்தது. குளிக்க வேண்டும் என்கிறார் சிஸ்டர், இன்னொரு தம்ளர் டீ கொடுத்தால்தான் என்கிறார் மாமா, பேரம் நடக்கிறது. என்னைக் கண்டதும் சிஸ்டர் வேப்பங்காயைக் கடித்தது போல முகத்தை வைத்துக்கொண்டார்.

"வாங்க தம்பி. ஒங்க மாமா மாதிரி மோசமான ஆள நான் பாத்ததே இல்ல. ஒண்ணுக்கும் ஒதவாது. தூக்கிட்டுப் போயிருங்க."

சட்டென்று மாமாவைப் பார்த்தேன். வாதம் வந்த பிறகு முதல் தடவையாக அவர் தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். துண்டுக்குள் சிஸ்டர் அவருடைய ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்திருந்தது எனக்குத் தெரியாதா என்ன?

கடைசிவரை மாமா அந்த இடத்தைத் திட்டிக்கொண்டே, ஒரு புண்கூட இல்லாமல், சில வருஷம் சந்தோஷமாக இருந்துவிட்டுத்தான் போனார். இடுப்பு சரியானதும் என் மனைவி அடிக்கடி குழம்பு வைத்து எடுத்துப் போவாள். அதைச் சாப்பிடும்போதும் மாமா முகத்தைச் சுளிக்கப் பழகிக்கொண்டார்.

இப்போது நானும் மாமாவின் வயதைத் தாண்டிவிட்டேன். தெரிந்தவர் வீட்டில் பேச்சு விழுந்த பெரியவர் யாராவது இருந்தால் நான் முகத்தைப் பார்த்து எதையும் முடிவு செய்வதில்லை. தோள்துண்டை எடுத்து அவர் மடிமேல் விரித்து, அதற்கடியில் என் கையைக் கொடுத்துவிட்டு, அந்த விரல்கள் அசையும்வரை பேசாமல் காத்திருக்கிறேன்.