எடுக்காத இரண்டாம் குழாய்

அன்று செங்கல்பட்டு கிளினிக்கில் இருந்தவர்கள் ஐந்து பேர்: டாக்டரம்மா, கம்பவுண்டர், என் மனைவி, என் அம்மா, நான். குழந்தையைப் புதைத்து ஆறு நாள் ஆகியிருந்தது.

பிறந்த எட்டாம் நாள் குழந்தையின் உடம்பில் நீர்க்கொப்புளம் கண்டது. அம்மை என்றுதான் நினைத்தோம். எங்கள் குப்பத்தில் அம்மைக்கு மருந்து கொடுக்க மாட்டார்கள். வேப்பிலையில் படுக்க வைத்தோம். மூன்றே நாளில் போய்விட்டது. மனைவிக்கும் காய்ச்சல், ஆறாத புண். அதற்காகத்தான் பஸ் ஏறி வந்தோம்.

"தீட்டோட கோயில் வாசலத் தாண்டிக்கிறா. ஆத்தா சும்மா வுடுவாளா? ரத்தம் எடுத்து இன்னா ஆவப்போவுது?" என்றாள் அம்மா. மனைவி தலை நிமிரவில்லை.

"அது அம்மை இல்லம்மா. ஹெர்பிஸ்னு ஒரு கிருமியா இருக்கலாம். அது வந்திருந்தா, எதிர்க்கிற சத்து ரத்தத்துல நிக்கும். மெட்ராஸ்ல பாத்துச் சொல்லுவாங்க" என்றார் டாக்டரம்மா.

எனக்கு ஒரு குழாய் ரத்தம் எடுத்தார்கள். மனைவிக்கு அன்று ஒன்று, பதினைந்து நாள் கழித்து இன்னொன்று. மூன்றுக்கும் நாற்பத்தைந்து ரூபாய். முப்பதுதான் இருந்தது. "மீதிய அடுத்த தபா குடு. சொறா வெட்டற ஆளு, ஊசிக்கு மூஞ்சத் திருப்பிக்கிறியே அண்ணாத்த!" என்று சிரித்தார் கம்பவுண்டர்.

ஒரு வாரம் கழித்து, முடிவு கேட்க நான் மட்டும் போனேன்.

"உங்க ரத்தத்துல அந்தச் சத்து நிறைய இருக்கு. பழசா இருக்கலாம். உங்க சம்சாரத்துக்கு இன்னும் ஒண்ணுமே இல்ல. ரெண்டாவது குழாய்ல ஏறியிருந்தா, பிரசவத்த ஒட்டித்தான் அவங்களுக்கு வந்திருக்குன்னு அர்த்தம். உங்களுக்கு முன்னால புண்ணு எதாவது?"

"இல்லம்மா" என்றேன்.

இருந்தது. கல்யாணத்துக்கு முன்பு, மீன் ஏற்றிக்கொண்டு மெட்ராஸ் போய்வந்த நாட்களில் வந்தது. சூட்டுக் கொப்புளம் என்று விளக்கெண்ணெய் தடவினேன். அவளுக்கு ஒன்பதாம் மாதம் நடக்கும்போது மறுபடி வந்தது. அப்போதும் நான் தள்ளிப் படுக்கவில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவன்தான். ஆனால் டாக்டரம்மா சொன்னது எனக்கு நன்றாகவே புரிந்தது.

மனைவி வீட்டு வாசலிலேயே நின்றிருந்தாள். "இன்னா சொன்னாங்க? என்னாலதானா?"

"ஒண்ணும் தெரியலையாம். இனிமே போவ வேணாம்."

அம்மாவுக்கு அதுவே போதுமாக இருந்தது. அந்த ஆடியிலிருந்து ஒவ்வோர் ஆடியும் என் மனைவி ஈரப்புடவையோடு அம்மன் கோயிலைச் சுற்றி உருண்டு மன்னிப்புக் கேட்கிறாள். எழும்போது தலையில் மணல் ஒட்டியிருக்கும். நான்தான் தட்டிவிடுவேன். சொல்லிவிடலாமா என்று ஒவ்வொரு தடவையும் நினைப்பேன். சொன்னதில்லை.

அந்த இரண்டாம் குழாயை யாரும் எடுக்கவில்லை. கிளினிக்குக்கு இன்னும் பதினைந்து ரூபாய் பாக்கி.